தபன் மாமா சேர்த்த பேப்பர்

போட்டோகொப்பி மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த தாளுக்கு ஒரு சூடு உண்டு. சுவிஸ் மலையூரான டாவோசில் பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அப்பா வேலை செய்த ஹோட்டலின் அலுவலக அறையில், முதலாளியின் அனுமதியோடு தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வர வர, நானும் தங்கச்சியும் அவற்றைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வோம். மடித்துப் பின் அடித்தால் அதுதான் எங்கள் வார இதழ். அப்பா வைத்த பெயர் "மலைமடல்". வீட்டில் அது "எங்கட பேப்பர்".

அதற்கு வித்திட்டது ஒரு வங்காள வார இதழ். அப்பாவோடு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த கல்கத்தாக்காரர் தபன் மாமாவுக்கு அது மண்ணிறக் காகிதம் சுற்றித் தபாலில் வரும். மூன்று கிழமை பழசாக வந்தாலும் அன்று முழுவதும் அவர் வாயில் பாட்டுத்தான். எங்கள் சனத்துக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று பாத்திரம் கழுவியபடியே யோசித்த அப்பா, தொலைபேசியில் கேட்ட ஊர்ச் செய்தி, வதிவிட பெர்மிட் விவரம், ஒரு தொடர்கதை எல்லாவற்றையும் ஓடர் சீட்டுகளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு வருவார். தமிழ் டைப்ரைட்டர் எங்களிடம் ஏது? ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு வரும் அம்மாதான் அத்தனையையும் முத்து முத்தாக எழுதித் தருவார். கடைசிப் பக்கத்தில் "ஆசிரியர்" என்று அப்பாவின் பெயர் மட்டும் இருக்கும். பேப்பர் தபாலில் போகும் ஓர்லிகோன், லா ஷோ-து-ஃபோன் போன்ற ஊர்களிலிருந்து வருகிற பாராட்டெல்லாம் அப்பாவுக்கே.

தபன் மாமா படித்து முடித்த இதழை எங்களுக்குத் தருவார், நாங்கள் எங்களுடையதை அவருக்குக் கொடுப்போம். ஒருவருக்கும் மற்றவருடையதை வாசிக்கத் தெரியாது. அவர் தந்தவற்றைக் கிழித்து நாங்கள் பள்ளிப் புத்தகங்களுக்கு உறை போட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாசி மாதம் அம்மா காய்ச்சலில் விழுந்தார். "எனக்கு இனி ஏலாது. நீங்களே எழுதுங்கோ. எழுத்தை ஆர் பாக்கினம்? செய்தியைத்தானே வாசிக்கினம்," என்று அப்பாவிடம் சொன்னார். அது காய்ச்சலில் வந்த பேச்சில்லை, கன நாளாக மனதில் கிடந்தது. அம்மா கைவிட்டால் பேப்பர் நின்றுவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமை அப்பாவே எழுதினார். அம்மா சொன்னதும் சரியாய்ப் போயிற்று: தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் தொடர்கதையைப் பற்றிக் கேட்டார்கள், பெர்மிட்டைப் பற்றிக் கேட்டார்கள், எழுத்து மாறியதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தபன் மாமா வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்த இதழை மேசையில் விரித்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டி, எங்களிடம் பொறுக்கிய தமிழில் அப்பாவைக் கேட்டார்: "அண்ணை, இது அக்கா இல்லை. அக்காவுக்கு என்ன?"

உள்ளே படுத்திருந்த அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு எழும்பி வந்து, அறை வாசலில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார், அழுதார். அப்பா தலை குனிந்துகொண்டார். தபன் மாமா அந்தப் பிரதியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை அம்மா மறுபடி பேனையை எடுத்தார். கடைசிப் பக்கத்தில், ஆசிரியர் பெயருக்கு மேலே, "எழுத்து: மங்கை" என்று அம்மாவின் பெயரோடு ஒரு வரியை மட்டும் அப்பா தன் கையால் எழுதினார்.

கைபேசியில் செய்தி வரத் தொடங்கியதும் பேப்பர் நின்றது. ஓர்லிகோனுக்கு வீடு மாறியபோது எங்களிடம் இருந்த பிரதிகளும் எங்கோ போயின. போன மாதம், மறைந்த தபன் மாமாவின் மகள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே மலைமடல், முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை, வரிசை குலையாமல். வாசிக்கத் தெரியாத ஒருவர்தான் எங்கள் பேப்பரை அன்று காப்பாற்றினார், இவ்வளவு காலம் காத்தும் வைத்திருந்தார். நேரில் நன்றி சொல்ல இப்போது அவர் இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திகதி பார்த்தார். "இஞ்சாரும், மாசியிலை ஒரு கிழமை குறையுது," என்றார்.

அம்மா நிமிரவில்லை, மடியில் கிடந்த தன் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அது நீங்கள் எழுதினதெல்லே," என்றார்.