பாப்பாயியின் கிள்ளு

வாசலூர்பட்டியில் பாப்பாயியிடம் கிள்ளு வாங்காதவர் யாராவது உண்டா என்று கேட்டால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். பொய் சொன்னால் கிள்ளு. பந்தியில் போதும் என்றால் கிள்ளு. நல்ல சேதி சொன்னாலும் கிள்ளுதான். அதிலும் ஜீப் ஓட்டும் கொழுந்தன் காளியண்ணனின் கை, அவள் பேருக்குப் பட்டா போட்ட நிலம் மாதிரி.

போன வருஷம் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்தாள். மண்டைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்து உயிரை மீட்டார்கள். வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது.

வாராவாரம் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட் அருணா, துணி காயப்போடும் கிளிப்புகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கிக் கழற்றச் சொன்னாள்.

"இது கத்துமா கண்ணு? கத்தாததைக் கிள்ளி என்ன பண்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் பாப்பாயி.

"அப்ப கத்துற ஆளையும் சேத்துக் கிள்ளுங்கக்கா!"

மாட்டியது காளியண்ணன். தினமும் கையை நீட்டினான். அவள் விரல்கள் கோழி இறகு போல உரசிவிட்டுப் போயின. மனசு கேட்காமல், "ஐயோ, கொன்னுட்டீங்களே அண்ணி!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவான். அவளும் பூரித்துப் போவாள். ஒரு நாள் விரல் படுவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கத்தித் தொலைத்தான், பாவி.

பாப்பாயி கையை இழுத்துக்கொண்டாள். "எம்மேல பரிதாபமா சாமி?" என்று கேட்டவள் அழுதே விட்டாள். அதற்குப் பிறகு யாரையும் தொடவில்லை. வீம்புக்குக் கிளிப்போடு மட்டும் மாசக்கணக்கில் மல்லுக்கட்டினாள். ஒரே ஒரு நிஜக் கத்தல் கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஆடி மாசம் ஒரு மத்தியானம், எடுத்து வைத்திருந்த பலாச்சுளையைக் காணோம். காளியண்ணனைக் கேட்டாள்.

"நான் கண்ணுலயே பாக்கலீங்க அண்ணி," என்றான். பேசின வாயிலிருந்து பலா வாசம் ஆளைத் தூக்கியது. பொய்யைக் கேட்டதும் அவள் தன்னை மறந்தாள். வலது கை தானாகப் பாய்ந்தது.

"ஐயோ அம்மா!"

"நடிக்காதடா!" இன்னும் இறுக்கினாள்.

"நடிக்கலீங்க அண்ணி! சத்தியமா வலிக்குதுங்க!"

"அதும் பொய்யி!" ஒரு திருகு திருகினாள்.

துள்ளிக் குதித்து விலகியவன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். அவரைக்கொட்டை அளவுக்குச் சிவந்து கன்றியிருந்தது.

பாப்பாயி அதைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். கண்ணில் நீர் கொட்ட, வாய் காதுவரை சிரித்தது.

"அந்தக் கையையும் நீட்டு சாமி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நீட்டினான், அந்த மடையன்.