முந்நூறு துணி

எங்கள் தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். இஸ்திரிப் பெட்டியால் வந்த பெயர். தேய்ப்பது அவள், வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவது அவள் புருஷன். முழங்கால் வலியால் அவர் இரண்டாவது மாடியோடு நின்றுவிடுவார். மூன்றாவது மாடிக்காரனான நான் துணியைக் கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்குவேன்.

கரிப்பெட்டி அவளுக்கு எமன். ஒரு பொறி பறந்தால் ஒரு சட்டை போச்சு, சட்டைக்காரன் வாயில் விழுந்து எழவேண்டும். கேஸில் சூடாகும் பெட்டி வாங்கலாம் என்றுதான், அரசாங்கம் சிறுதொழிலுக்குக் கொடுக்கும் கடனைக் கேட்டுப் போனாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை துணிம்மா வரும்?" என்றார் கடன் அதிகாரி.

இல்லாதவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. சலுகை கேட்கப் போனால் வருமானத்தைக் குறைத்துச் சொல்லவேண்டும்; கடன் கேட்கப் போனால் கூட்டிச் சொல்லவேண்டும். நூறு துணி தேய்க்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு என்றாள். விடிய விடியத் தேய்த்தாலும் ஒருத்தி கைக்கு முந்நூறு ஆகாது. அதிகாரியும் தேய்த்த சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் அவருக்கு இது உறைக்கவில்லை. எழுதிக்கொண்டார். கடன் வந்தது.

ஒழுங்காகத் தவணை கட்டினாள். அதுவே வினையாகப் போயிற்று. கடன் ஆபீஸ் நடத்தும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, முன்னேறிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வாளே, அங்கேயும் முந்நூறு என்றாள். கேட்டவர்களில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கை. நாலு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், நாலையும் விட்டுவிட்டு அதே கடனை வாங்கி, எங்கள் தெருவின் மறுமுனையில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வேற தெரு பாருடி" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு வர்ற முந்நூறுல எனக்கு நூறு வந்தாப் போதும்க்கா. நீ ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்ட."



தெருவில் இருப்பதே நூறு துணி. தங்கைக்கு முப்பது தேறினால் அதிகம். இந்தத் தெரு எத்தனை வண்டி தாங்கும் என்று கடன் கொடுத்த மகராசன்கள் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது. தவணைக்கு வழியில்லாமல் தங்கை ஒருநாள் அக்காவின் வண்டியருகே வந்து நின்றாள். நான் அப்போது கீழே இறங்கி வந்து துணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா எல்லா வீட்டையும் மடக்கி வச்சிருக்காரு. மிச்சத் துணியெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்கக்கா?"

"மிச்சமே கிடையாதுடி. எப்பவும் நூறுதான். கடனுக்காகச் சொன்ன பொய் அது."

"பொய்னா அவ்ளோ பெரிய ஆபீஸ் விசாரிக்காமயா பணம் குடுத்துச்சு?"

"உன்மேல சத்தியமாடி."

"அப்ப வர்ற கூட்டத்துல, அதே மைக்குல சொல்லு. நம்பறேன்."

சொல்லிவிடுவது என்றுதான் பெட்டியக்கா முடிவு செய்திருந்தாள். தாய் தகப்பன் போனபிறகு அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு தங்கை. புருஷன் சண்டை எதுவும் போடவில்லை. "பொய் சொல்லிக் கடன் வாங்கினோம்னு நீயே ஒத்துக்கிட்டா, வண்டிய இழுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் எதச் சாப்பிடறது?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டத்தில் தங்கை முன்வரிசையில் உட்கார்ந்து அக்கா வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதிகாரி எடுத்துக்கொடுத்தார். "சொல்லுங்கம்மா, தினம் எத்தனை துணி?"

"முந்நூறு சார்."

எல்லாரும் கைதட்டினார்கள். தங்கை எழுந்து அக்காவின் காதருகே வந்து, "இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது" என்றாள். அது அதிகாரிக்குக் கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே தெருவில், ஒரே தொழிலில் முன்னேறுகிறார்கள் என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். போட்டோவுக்கு இரண்டு பேரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நின்றார்கள்.