நவமணி அக்கா மைக்கில் சொல்லாத சொற்கள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒருவர் காணாமல் போவது பெரிய விஷயமே இல்லை. கிடைப்பதுதான் பெரிய விஷயம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதில் வந்து, மஞ்சள் சட்டை போட்ட ஆளைக் காணோம் என்பார்கள். ஊரே மஞ்சள் உடுத்தி நிற்கும் நாளில் இதை எங்கே போய்ச் சொல்ல!

அப்படி வருகிறவர்களுக்காகவே ஒரு தண்ணீர்ப் பந்தலில் மைக்கோடு உட்கார்ந்திருப்பவர் நவமணி. பாகான் டாலாம் என்ற ஊர்க்காரர், ஐம்பத்தாறு வயது. வருடம் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை. தைப்பூசத்துக்கு மட்டும் யார் என்ன சொன்னாலும் மூன்று நாள் லீவு. தமிழிலும் மலாயிலும் அறிவிப்பார், கூட வேலை செய்யும் சீனப் பெண்களிடம் கற்ற ஹொக்கியனிலும் அறிவிப்பார். இந்த மூன்று மொழியிலும் எந்தச் சொல் சுடும் என்பது அவருக்கு அத்துப்படி.

அந்தப் பந்தலுக்கு ஒலிபெருக்கி போடுகிறவர் சுகுமாரன். எட்டு வருடமாக நவமணிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையதுதான். முதல் வருடம் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. “கெழவி தொலைஞ்சிருச்சு, நொண்டி நொண்டி நடக்கும்” என்று ஒரு குடும்பம் வந்து சொல்லும். பட்டென்று மைக்கில் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? இந்த அம்மா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கையில் என்ன வளையல், சிரித்தால் எப்படி இருப்பார் என்று சம்பந்தம் பேச வந்தவர் போல விசாரிப்பார். பிறகுதான் மைக்கைத் தொடுவார். “நீல வளையல் போட்ட ஓர் அம்மா. இடது காலைப் பார்த்துப் பார்த்து வைப்பார்.” பத்து நிமிடத்தில் அந்த அம்மா வந்து சேர்ந்துவிடுவார். குண்டு, கருப்பி, செவிடு, ஊமை என்று நாம் வீட்டில் சோறு போல அள்ளிப் போடும் சொற்களில் ஒன்றுகூட இந்த எட்டு வருடத்தில் அந்த மைக்கில் ஏறியதில்லை. சுகுமாரன் கேலி செய்வதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது.

காரணத்தை நவமணியே ஒருமுறை சொல்லியிருந்தார். ஒன்பது வயதில் இதே சாலையில் அவரும் தொலைந்தவர்தான். அவருடைய இடது கண் சற்று விலகிப் பார்க்கும். “ஒன்னரைக் கண்ணு பொண்ணு ஒண்ணு காணோம்” என்று யாரோ ஒலிபெருக்கியில் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தார்களாம். அவர் ஓடிப்போய்த் தேங்காய் மூட்டைகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சாயங்காலம் அப்பா கண்டுபிடிக்கும் வரை அங்கேயே இருந்தார். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சுகுமாரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கைப்பேசியில் ஏற்கெனவே ஒரு நவமணி உண்டு, மனைவியின் தங்கை. குழம்பக்கூடாதே என்று முதல் வருடமே இவர் எண்ணை ‘ஒன்னரைக்கண்ணு அக்கா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தார். இந்தக் கதையைக் கேட்ட அன்றே மாற்றிவிட நினைத்தார். நினைத்ததோடு சரி, ஐந்து வருடம் ஓடிவிட்டது. பந்தலில் அந்தக் கைப்பேசி எந்நேரமும் இருவர் நாற்காலிக்கும் நடுவில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டி மேல்தான் திரை தெரியக் கிடக்கும்.

இந்த வருடம் தைப்பூசத்தன்று காலை பதினொரு மணி. மீனாட்சி என்றொரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். இருபத்திரண்டு வயது மகன் ஹரீஷைக் காணவில்லை. கூடவே அவள் அண்ணன் வாசு.

“எம் புள்ள கொஞ்சம் மெண்டலுங்கக்கா,” என்றாள் அவளே. மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்குள் தானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று பழகிய குரல் அது. நவமணி அவளைத் திருத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி காலையில் எழுந்ததும் என்ன செய்வார் என்று கேட்டார். சூடாக ஒரு கோப்பை மைலோ குடித்தால்தான் மற்ற வேலை என்றாள் மீனாட்சி.

பிறகு மைக்கில் சொன்னார்: “உயரமான தம்பி, பேர் ஹரீஷ். வலது கையில சிவப்புக் கயிறு. பேச மாட்டார், நாம சொல்றது புரியும். சத்தம் கூடினா காதைப் பொத்திக்குவார். பாத்தீங்கன்னா கையை நீட்டுங்க, அவரா வந்து பிடிச்சுக்குவார்.”

அரை மணி நேரம் போயிற்று. ஹரீஷ் வரவில்லை. அந்தப் பக்கம் கார்கள் போகும் பெரிய சாலை, இந்தப் பக்கம் ஆழமான கால்வாய். மீனாட்சி அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வாசுவுக்குப் பொறுக்கவில்லை. நவமணி தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து மைக்கைப் பறித்தார். “பைத்தியக்காரப் பையன் ஒருத்தன் சுத்திக்கிட்டு இருக்கான். பாத்தா உடனே சொல்லுங்க!” சுகுமாரன் எட்டி இணைப்பைப் பிடுங்குவதற்குள் அது சாலை முழுக்கப் போய்விட்டது.

ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். ஷார்லின் என்று பெயர், கூட்டாளிகளோடு ரதம் பார்க்க வந்தவள். ஹரீஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்துகொண்டிருந்தானாம். இங்கிருந்து மூன்று பந்தல் தள்ளி. அப்போதுதான் அந்த வார்த்தை கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் விட்டுவிடு, அடித்துவிடுவான் என்று கத்தினார்கள். கூட்டம் விலகியது.

“நான் பயந்து கைய விட்டுட்டேன் ஆன்ட்டி, அவர் எந்தப் பக்கம் போனார்னு தெரியல,” என்று சொல்லிவிட்டு அவள் தேம்பினாள்.

வாசு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட சுகுமாரனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் மிக்சர் மேல் கிடந்த தன் கைப்பேசி கண்ணில் பட்டது, குனிந்து, பிடுங்கிய இணைப்பைத் திரும்பச் செருகினார்.

நவமணி யாரையும் திட்டவில்லை. மைக்கை எடுத்தார்.

“இப்ப இங்கேருந்து சொன்னது தப்பு. மைக்கை விட்டது என் தப்பு. ஹரீஷ் யாரையும் அடிக்க மாட்டார். இன்னிக்கு அவர்தான் பயந்து போயிருக்கார். பந்தல்காரங்க எல்லாரையும் கேட்டுக்கிறேன், ரெண்டு நிமிஷம் பாட்டை நிறுத்துங்க.”

சுகுமாரன் மனசுக்குள் சிரித்தார். நடக்கிற காரியமா இது? தைப்பூசத்தில் பந்தலுக்குப் பந்தல் போட்டி. பக்கத்துப் பந்தலைவிடச் சத்தத்தை ஒரு படி கூட்டி வைக்காவிட்டால் தலை குனிந்து போகிற ஆட்கள். அவரும் அந்த ஜாதிதான். ஆனாலும் தன் பாட்டை நிறுத்தினார்.

எதிர்ப் பந்தல் நின்றது. அதற்கடுத்தது நின்றது. மேட்டுப் பக்கம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போயிற்று. உறுமி அடித்தவர்களும் கையை நிறுத்தினார்கள். அம்மாடி! முப்பது வருடம் இந்தச் சாலையில் ஒலிபெருக்கி கட்டிய மனிதர், காவடி எடுப்பவர்களின் கால் சலங்கையை அன்றுதான் முதன்முதலில் கேட்டார். மேலே மரத்தில் காற்று அசைந்ததும் கேட்டது.

நவமணி மைக்கை மீனாட்சியிடம் நீட்டினார். “வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க.”

மீனாட்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அய்யா, மைலோ ஆறுது. வா.”

அவ்வளவுதான். அந்தச் சாலைக்கே ஆற்றிக் கொடுத்தது போல் இருந்தது அந்தக் குரல்.

முதலில் ஒரு சீனக் கிழவர் கையை நீட்டினார். பிறகு முடியிறக்கிய ஒருவர், தேங்காய் உடைக்க வந்த பெண்கள், ஒரு போலீஸ்காரர். சற்று முன் விலகி ஓடிய அதே சனம், இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஹரீஷ் வந்தான். ஒரு கையைத் தொட்டான், விட்டான், அடுத்ததைத் தொட்டான். அவசரப்படவே இல்லை. பந்தலுக்குள் வந்ததும் அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தேங்காய் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அன்று இப்படி ஒரு குரல் கேட்டிருந்தால் என்று சுகுமாரன் நினைத்தார்.

கிளம்பும்போது மீனாட்சி அவரிடம் வந்தாள். “அண்ணே, அக்கா நம்பர் குடுங்க. அடுத்த வருஷம் வர்றப்ப முன்னாடியே சொல்லிட்டு வர்றேன்.”

நவமணி ஹரீஷுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். சுகுமாரன் கைப்பேசியை எடுத்தார். மீனாட்சி தோளோரம் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் நவமணி என்றே தட்டினார். மச்சினியின் எண்தான் வந்தது. மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

“இங்கதான் இருந்துச்சு...” என்று முணுமுணுத்தார்.

நவமணி திரும்பவில்லை. கோப்பையைக் கலக்கியபடியே சொன்னார்.

“‘ஓ’ எழுத்துல தேடு, தம்பி.”

குரலில் கோபமே இல்லை. மைலோவை ஹரீஷின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து வந்து நின்ற குடும்பத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. காணாமப் போனவங்க பேர் என்னங்க?” என்று கேட்டார்.