காபிக்கு முன் அரை மணி நேரம்

எங்கள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கண் கலங்குவதற்கு முன் சிரிப்பு வந்துவிடுகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அதைத் தவறாக எண்ண மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா மண்ணூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் பத்தாம் வகுப்போடு நின்று, தங்கையான என்னைப் படிக்க வைத்தார். மணமாகி சேரப்பணஞ்சேரிக்குப் போன பின், ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தார். ஒரே வரிசையில் நின்று வேலை செய்யும் தன் 'லைனில்' யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தைராய்டு வந்தது. மாத்திரை தவறாமல் போட்டும் முகம் வீங்கியது, முடி கொட்டியது, நின்றபடியே கண் சொருகியது. டாக்டர் இரண்டு முறை அளவைக் கூட்டியும் பலனில்லை. ஒயரை மாற்றிச் செருகி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிய அன்று எனக்கு போன் செய்தார்.

"வேலைய வுட்டுடலாம்னு கீறேன்டி. ஒடம்பு கேக்க மாட்டேங்குது."

அக்கா தோற்றுப் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் மயக்கம் வந்து கம்பெனி முதலுதவி அறையில் படுத்திருந்தவரிடம், அங்கிருந்த நர்ஸ் கேட்டார்: "தைராய்டு மாத்திரைய எப்போ போடுறீங்க?"

"காலைல காபியோடதாம்மா."

"காபி அந்த மாத்திரைய ஒடம்புல சரியா சேரவுடாதுக்கா. வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு, அரை மணியாவது கழிச்சு காபி குடிங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க."

"அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?"

நோயை விட அதுதான் அவருக்குப் பெரிய கவலை. டாக்டரும் அதையே சொன்னதால், மாமா அடுப்படி வாசலில் காவலுக்கு நின்றார். அக்கா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். மாடி அறையில் வாடகைக்கு இருந்த தென்காசிப் பெண்கள், கம்பெனி பஸ் வரும்வரை தெருவில் ஷட்டில் ஆடுவார்கள்.

"எக்கா, சும்மா நடக்கதுக்கு ஒரு கை ஆட வாங்க" என்று ஒருத்தி மட்டையை நீட்டினாள்.

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா இறங்கினார். முதல் பந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போய் உட்கார்ந்தது. மறுநாள் மாமா கூப்பிடும் முன்பே எழுந்து மாத்திரையைப் போட்டுவிட்டார்.

இரண்டு மாதத்தில் முகம் வடிந்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதற்குள் அக்கா, "கோட்டு மேலதான் பட்டுச்சி, நான் பாத்தன்" என்று, கோடே போடாத தெருவில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தார். ஆறு ஆண்டுகள் அந்தச் சண்டை ஓயவில்லை.

சென்ற ஆண்டு, மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவு நான்கே நாளில் அவரைக் கொண்டுபோனது. ரத்தக்கசிவு வந்ததற்கு முதல் நாள் காலையிலும் ஆடி ஜெயித்திருந்தார்.

அன்று கேட்க வேண்டியதைக் கேட்ட நர்ஸுக்கும், மாடி வீட்டுத் தங்கைகளுக்கும் எங்கள் நன்றி. அந்த நான்கு நாளும் ரத்தம் கொடுக்க ஆட்கள் ஷிப்ட் மாற்றி மாற்றி, கம்பெனி சீருடையோடு வந்துகொண்டே இருந்தார்கள். பெயர் கேட்டால், "நாங்க அக்காவோட லைன்" என்று மட்டும் சொன்னார்கள். இறுதி ஊர்வலத்தில் அவர்கள் நின்ற வரிசை அக்காவின் தெருவைத் தாண்டிப் போனது. சொந்தக்காரர்களான எங்களால் அந்த வரிசையின் கடைசியில்தான் போய்ச் சேர முடிந்தது.