அடங்கிட்டு

அப்பாவின் வள்ளம் கடலில் இருந்த ஒரு முற்பகலில் சித்தப்பா என்னைக் கைபேசியில் அழைத்தார். விடிந்ததிலிருந்தே காற்று மோசம். அலை தடுப்புச்சுவரில் மோதி எங்கள் வாசல்வரை தெறித்தது. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு வள்ளத்தில்; சித்தப்பா வேறொன்றில். நாகர்கோவிலில் பி.எட். படித்துக்கொண்டிருந்த நான், காற்றைப் பார்த்துவிட்டு அன்று வகுப்புக்குப் போகவில்லை.

"ஏட்டி, கேக்குதா?" இரைச்சலுக்குள் சித்தப்பாவின் குரல் விட்டுவிட்டு வந்தது. "அப்பாக்க வள்ளத்துல… அடங்கிட்டு… அம்மைக்கிட்ட சொல்லு…"

அதோடு துண்டித்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவும் கேட்டுவிட்டாள்.

அடங்கிவிட்டது என்பதை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வோம். காற்று ஓய்ந்தாலும் அடங்கிட்டுதான். காய்ச்சல் தணிந்தாலும் அதுதான். மூச்சு நின்றாலும் அதே சொல்தான். போதாததற்கு, செத்தவரைப் புதைப்பதற்கு எங்கள் மாதா கோயிலில் அடக்கம் என்று பெயர்.

"காத்து அடங்கிட்டுன்னு சொல்லுதாரும்மா" என்றேன்.

அம்மா வெளியே பார்த்தாள். தென்னைகள் முறிந்துவிடுவதுபோல் வளைந்துகொண்டிருந்தன.

"எங்கட்டி அடங்கிச்சு?"

மறுபடி மறுபடி அழைத்துப் பார்த்தேன். சித்தப்பாவின் எண் கிடைக்கவில்லை. அம்மாவின் அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடினாள். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் யாராவது இறந்தால் துக்கமணி அடிப்பார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் மணி அடிப்பவர் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"அடிக்காதீங்க! அப்பா சாகல."

"மாமி சொல்லுதாளே மக்கா?"

"போன்ல கேட்டது நான். மாமி இல்ல."

"அப்ப உனக்கு உறுதியாத் தெரியுமா?"

உறுதியாக எதுவும் தெரியாது; ஆனாலும் அவர் கைக்கு மேலே கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி ஒருமுறை அடித்துவிட்டால் அப்பா செத்தது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். அவர் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"சரி, வள்ளம் வரட்டு" என்று கடைசியில் கையை எடுத்தார்.

ஊரே கரையில் நின்றது. யாரோ அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உச்சிவெயில் சாய்ந்த பிறகு சித்தப்பாவின் வள்ளம் தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு இன்னொரு வள்ளம். அலை தூக்கும்போது அதில் ஆட்கள் தெரிந்தார்கள், தாழும்போது மறைந்தார்கள். எத்தனை பேர் என்று பிடிபடவில்லை. இன்னும் நெருங்கியதும், உள்ளே ஏறிய தண்ணீரை ஒரு வாளியால் கோரிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தேன். அப்பா.

அவர் மணலில் கால் வைத்ததுமே அம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"நான் என்ன செய்தேன்?" என்று அப்பா விழித்தார்.

"இஞ்சின் அடங்கிட்டு, கெட்டி இழுத்துட்டு வாறோம்னுதானே சொன்னேன்!" என்றார் சித்தப்பா, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து.

இப்போதெல்லாம் கடலிலிருந்து அழைத்தால், "எல்லாரும் உசுரோட இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் சித்தப்பா விஷயத்துக்கே வருகிறார்.