சிவப்புக் கோடும் கேஸ் பில்லும்

பஃபலோவில் எங்கள் வீட்டு மாடியில் லொரெய்ன் பியெட்ஷாக் வெகுகாலமாகக் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் வேலை. அவளோடு ஏழு வருடம் வாடகையைப் பாதிப் பாதியாகக் கட்டிக்கொண்டு இவெட் கெய்ன்ஸ் இருந்தாள். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவள். லொரெய்ன் காலையில் கிளம்பும் நேரம் இவெட் வந்து படுப்பாள். வெள்ளிக்கிழமைகளில் லொரெய்ன் பொரித்த மீன் வாங்கி வருவாள். அவளுக்கு அது ராச்சாப்பாடு, அப்போதுதான் கிளம்பும் இவெட்டுக்குக் காலை உணவு மாதிரி.

நவம்பர் வந்தால் குளிர் உள்ளே வராமலிருக்க இருவரும் ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார்கள். ஒருத்தி இழுத்துப் பிடிப்பாள், மற்றவள் ஹேர் டிரையரால் சூடு காட்டுவாள். தாள் மத்தளத் தோல் போல விறைத்து நிற்கும். தாள் ஒட்டும்போது மேலே இருவரும் போடும் சண்டை கீழே காதில் விழுந்தால்தான் எனக்குக் குளிர்காலம் தொடங்கியதாகத் தோன்றும்.

கேஸில் எரியும் வீட்டு ஹீட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டில் லொரெய்ன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தாள். முள் அதைத் தாண்டினால் மாடியில் ஒரு சொற்பொழிவு நடக்கும்.

போன ஏப்ரலில் இவெட் தன் அக்காவுக்குத் துணையாக ரோசெஸ்டருக்குப் போய்விட்டாள். ஆகஸ்டில் கேஸ் கம்பெனியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு டாலருக்கு பில் வந்தது. எங்களில் பலர் கேஸுக்கு மாதாமாதம் ஒரே தொகைதான் கட்டுவோம். எரித்தது அதற்கு மேல் போயிருந்தால், கம்பெனி கோடையில் ஒருமுறை கணக்குப் பார்த்து மிச்சத்தைக் கேட்கும். கட்டிப்பிடித்து அழுது விடைபெற்ற அன்று இருவருக்கும் அந்த நினைவே வரவில்லை.

லொரெய்ன் பாதியைக் கேட்டாள். மாதம் தவறாமல் என் பங்கைக் கொடுத்தேனே, இது என்ன புதுக் கணக்கு என்றாள் இவெட். ஏமாற்றுக்காரி என்ற சொல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. பில்லைக் கட்டாவிட்டால் குளிருக்கு முன் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். லொரெய்னிடம் பாதிப் பணம்தான் இருந்தது. சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள்.

அக்டோபரில் ஒரு மாலை நான்தான் அவளைக் காரில் அழைத்துப்போனேன். அங்கே இவெட்டும் வந்திருந்தாள். நீதிபதி கூப்பிடும் முன், முதலில் பேசிப் பாருங்கள் என்று நடைவழிக்கு அனுப்பிவிட்டார்கள். சமரசம் பேச வந்தவர் ஹ்யூபர் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். பில்லை இரண்டு முறை பார்த்தார்.

"ரெண்டு பேர் இருந்த வீட்டுக்கு இது அதிகமாச்சேம்மா. சூட்டை எவ்வளவு வெச்சிருந்தீங்க?"

"அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்ட விடுவாளா இவ? ஏழு வருஷமா ஸ்வெட்டரோட படுத்தவ சார் நான்," என்றாள் இவெட்.

லொரெய்ன் கைப்பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள், மூடினாள். பிறகு இவெட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன குளிர்ல நீ இருமிக்கிட்டே வந்து படுப்பே. வேலைக்குப் போறப்போ கோட்டுக்கு மேல நல்லா ஏத்திவெச்சுட்டுத்தான் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தா முள்ளு கோட்டுலயே நிக்கும். மெஷினு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

இவெட் அவள் பக்கம் திரும்பினாள்.

"கெட்டுப்போகலடி. மத்தியானம் வேர்த்து ஊத்தி எழுந்திருப்பேன். தூக்கக் கலக்கத்துல நான்தான் ஏத்திட்டேன்போலன்னு பயந்து, நீ வர்றதுக்குள்ள இறக்கிவெப்பேன்."

ஹ்யூபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ சொல்லாம கொள்ளாம என்னை வேகவெச்சுட்டு, என் மேலயே கேஸ் போட்டிருக்கே," என்றாள் இவெட்.

"வெந்தது நீதானே. அப்பவும் பாதிதானே கேட்டேன்."

இவெட் தர வேண்டியது இருநூற்றாறு டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நூறு அன்றைக்கே, மீதி நவம்பரில். நீதிபதியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கேஸ் கம்பெனியும் அதுவரை பொறுத்துக்கொண்டது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மீதியைக் கொடுக்க இவெட் வந்தாள். தபாலில் அனுப்பியிருக்கலாம். சற்று நேரத்தில் மாடியில் ஹேர் டிரையர் இரைந்தது.

"இழு, இழு."

"இழுக்காதடி, கிழிஞ்சிரும்."

நான் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.