குலாங்யூ படகு

சீனாவில் சியாமெனுக்கு வேலைக்குப் போன மகள், குலாங்யூ தீவைச் சுற்றிப் பார்க்கப் படகேறும்போது வீடியோவில் கூப்பிட்டாள். படகின் சங்கு ஊதியதும், இந்த வயதிலும் என் கை தானாகப் போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

இலங்கையிலிருந்து கப்பலில் ஒரேயடியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் பந்தலூர் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் குடியேறிய வருடம், அப்பா எங்களை ஊட்டி ஏரிக்குக் கூட்டிப்போனார். அம்மா சட்டி பானையையும் மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தாள்.

“ஏங்க, ஏறுனா இங்கேயே கொண்டாந்து விடுவாங்களா?”

“அடி பைத்தியமே, இது ஏரி. ஒரு சுத்துதான்,” என்று சிரித்துவிட்டு அப்பா மட்டும் ஏறினார். படகு திருப்பத்தில் மறைந்தது. அது திரும்பி வரும்வரை அம்மா உட்காரவேயில்லை. என் மணிக்கட்டையும் விடவில்லை.

“பியானோ மியூசியம், உச்சிப்பாறை எல்லாம் பார்க்கப்போறேம்மா,” என்றாள் மகள்.

“பாரு கண்ணு. திரும்பி வர டிக்கெட்டு எடுத்தியா?”

“போக வர ஒரே டிக்கெட்தாம்மா.”

“எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுக்க.”